நாற்பத்தொன்றாவது முடிச்சு

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மடம். ஆதரவில்லாத பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். பதினெட்டு முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். வேலை எப்படியும் கிடைத்துவிடும். தீபாவளிக்குப் போக ஒரு வீடுதான் கிடைக்காது.

அதனால் வருசா வருசம் மடத்திலிருந்து ஒருத்தர் ராமேசுவரம் வரைக்கும் நடந்து போய் நடந்தே திரும்புவார். வழியெல்லாம் வீடு வீடாகக் கேட்பார்: "தீபாவளிக்கு எங்க பிள்ளை ஒண்ணுக்கு உங்க வீட்டுல இலை போடுவீங்களா?" சரி என்கிற வீட்டார், அவர் தோளில் கிடக்கும் எட்டு முழ வேட்டியில் தம் கையால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு விழுந்தால் வாக்கு.

அந்த வருசம், நான் போகிறேன் என்று வந்து நின்றார் சுடலைக்கண்ணு. ஐம்பத்திரண்டு வயசு. லாரி ஓட்டியவர். மடத்தில் சேர்ந்து மூன்று வருசம்.

"வண்டியிலயே உக்காந்து காலம் கழிச்ச ஆளு. நடப்பீராவே?" என்றார் குரு ஆவுடைநாயகம்.

"நடப்பேன் சாமி. ஒண்ணு மட்டும் கேக்கணும்."

"கேளும்."

"நடந்தா என் மகன் கிடைப்பானா?"

தாயில்லாப் பிள்ளை அது. ஏழு வருசம் முன்னால், பரீட்சையில் தவறினான் என்று நடுத்தெருவில் வைத்துச் செருப்பால் அடித்தார். போனவன் போனவன்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் சுடலைக்கண்ணு ஊருக்குப் போவார். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, பெருக்கி, சமைத்து, இரண்டு இலை போடுவார். சாயங்காலம் ஒரு இலையை அப்படியே எடுத்து மாட்டுக்கு வைப்பார்.

குரு வேட்டியை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"நாப்பத்தோரு பிள்ளைங்க. போயிட்டு வாரும்."

முதல் நாலு நாள் ஒரு முடிச்சும் விழவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் பஞ்சர் கடையிலும் வாலிபப் பையன் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றால் எங்கிருந்து விழும்?

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்காரி கேட்டே விட்டாள்.

"என்னண்ணே, பேசுறது எங்கிட்ட, கண்ணு வீட்டுக்குள்ள. களவாங்க வந்தீகளா?"

அவர் தடுமாறிப்போய் வந்த காரியத்தைச் சொன்னார். அவள் வேட்டி நுனியை இழுத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"எவ பெத்த பிள்ளையோ. வந்து சாப்பிடட்டும்."

அந்தச் சொல்லைக் கேட்டு அவள் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். எழுந்த பிறகு முகம் தேடவில்லை. வீடு தேடினார்.

நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். பாதமெல்லாம் கொப்புளம். குரு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை?"

"நாப்பது." வேட்டியை மடியில் எடுத்து வைத்தார். "மகனும் கிடைக்கல சாமி. ஒரு பிள்ளைக்கு வீடும் கிடைக்கல. வழியில ஒரு ஊரு விடாம கேட்டேன்."

"பூவன்குளத்துல கேட்டீரா?"

அது சுடலைக்கண்ணுவின் சொந்த ஊர். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊருக்குள்ள போகல. குளத்தங்கரை வழியா சுத்திப் போயிட்டேன்."

"எவ்வளவு சுத்து?"

"அஞ்சு மைல் இருக்கும்."

"பாதிக் கொப்புளம் அதுல வந்ததுதான். அங்க ஒரு வீட்டுல வருசா வருசம் ரெண்டு இலை விழுதாமே."

சுடலைக்கண்ணு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அது அவன் இலை சாமி! அதுல இன்னொரு பிள்ளை உக்காந்து சாப்பிடும்போது அவன் வந்து வாசல்ல நின்னா?"

குரு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். வேட்டியில் முடிச்சில்லாத நுனியைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நின்னான்னா, மூணாவது இலை போடும்வே."