மன்னர் நாவில் படாத மருந்து

முன்னொரு காலத்தில், மதயானைக்குக்கூட அஞ்சாத கீர்த்திவர்மர் என்ற மன்னருக்குப் படபடப்பு நோய் வந்து சேர்ந்தது. விடிந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், கஞ்சி தொண்டையில் இறங்காது. வைத்தியர்கள் வல்லாரைச் சாறும் சடாமாஞ்சில் கஷாயமும் குடம் குடமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்துக் குடித்து மன்னருக்கு வாயே கசந்துபோனது. மூலிகையால்தான் குணமாக வேண்டும், ஆனால் ஒரு சொட்டும் தம் நாவில் படக் கூடாது, உடம்பிலும் பூசக் கூடாது என்று ஆணையிட்டுவிட்டார்.

பிரதானி அகோரமூர்த்திக்கு இது பாயசமாக இனித்தது. சபை விகடன் ஆண்டியப்பன் மேல் மன்னர் காட்டும் பிரியம் நெடுநாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இந்தக் காரியத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை என்று மன்னரிடம் ஏற்றிவிட்டார். மூன்று நாளில் முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஆண்டியப்பன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

இரண்டு நாள் காலையில் மன்னர் அருகிலேயே நின்று பார்த்தான். மன்னர் கண் விழித்ததும், கஞ்சிக்கு முன்பே, அதிகாரிகள் வரிசையாக வந்து நாட்டின் கெட்ட செய்திகளைச் சொல்வது அந்த அரண்மனை வழக்கம். எல்லையில் புழுதி, களஞ்சியத்தில் எலி என்று பிரதானிதான் தொடங்குவார். ஓர் எலி அவர் வாயில் நூறாகிவிடும். ஆண்டியப்பனுக்கு நோய் பிடிபட்டுவிட்டது.

மூன்றாம் நாள் விடியலில் எலுமிச்சம்பழ அளவு வல்லாரை உருண்டைகளோடு வந்தான். நஞ்சு கலந்திருக்கலாம், அதிகாரிகளாகிய நாங்கள் சோதிக்காமல் மன்னர் அருகில் விடமுடியாது என்று பிரதானி முந்திக்கொண்டார். அதற்காகத்தானே அவன் காத்திருந்தான். ஆளுக்கொன்றாக வாயில் அடக்கிக்கொள்ளலாம், உச்சிவேளைவரை விழுங்கவோ துப்பவோ கூடாது, துப்பினால் சோதனை செல்லாது என்றான்.

அன்று யாரும் வாய் திறக்கவில்லை. மன்னர் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். பிறகு தம் கையை நீட்டிப் பார்த்தார். நடுக்கமே இல்லை.

"மருந்து இன்னும் என்னிடம் வரவே இல்லையே. படபடப்பு எங்கே போயிற்று, ஆண்டியப்பா?"

"தங்கள் நாவில் படக் கூடாது என்பது ஆணை, மகாராஜா. அதனால் நோய் எந்த வாயிலிருந்து வந்ததோ, அந்த வாயிலேயே மருந்தை வைத்துவிட்டேன்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். தாம் கஞ்சி குடித்து முடிக்கும்வரை அதிகாரிகளுக்கு இனி தினமும் இதே மருந்து என்று உத்தரவும் போட்டார்.

"ஆட்சேபம் உண்டா, பிரதானியாரே?"

கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் கட்டி நின்ற பிரதானி, இல்லை என்று தலையை ஆட்டினார்.