முதலாளி சொன்ன வாக்கியம்

காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி வாங்கித் தரும் அறக்கட்டளை ஒன்று ஈரோட்டில் இருந்தது. அதற்கு நன்கொடை கேட்டு, அங்கே தட்டச்சு வேலை பார்த்த பூங்கோதை மில் முதலாளி ரத்தினசபாபதியிடம் போனாள்.

அவள் நீட்டிய அறிக்கையை அவர் தொடவே இல்லை. "நான் ஏன் கொடுக்கணும்? ஒரே வாக்கியத்துல சொல்லு, பார்ப்போம்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பூங்கோதை நிமிர்ந்து நின்று, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"என்னம்மா?"

மறுபடியும் அசைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலைன்னா மனுசனுக்கு எரிச்சல் வராதா?" என்று கத்தினார் முதலாளி.

"நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிட்டீங்க, ஐயா. எங்க பிள்ளைங்களுக்குத் தினமும் இப்படித்தானுங்க."

முதலாளி தணிந்த குரலில், "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார்.

அந்த வருஷம் ஆடி மாதத்துக்குள் அத்தனை பிள்ளைகள் காதிலும் கருவி ஏறியது.