புன்னைத்துறைக்கு மேல் ஒரு கோடு

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கருங்காலி மலை வானோக்ககத்தில் வேலை செய்த ஒன்பது பேரும் முதலில் சிரித்தவர்கள்தான்.

சவரிராயன் சினிமாவுக்கு வசனம் எழுதியவர். அவர் எழுதிய படத்தில், வானத்திலிருந்து வரும் ஒரு பெரிய கல்லை நாயகன் ராக்கெட்டில் போய் இரண்டாகப் பிளப்பான். ஒரு துண்டு பூமிக்கு இந்தப் பக்கமாகவும் இன்னொன்று அந்தப் பக்கமாகவும் மரியாதையாக விலகிப் போகும். படம் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்கு விவரம் கேட்க மலையேறி வந்தவரை, விண்கற்களை அளக்கும் வனரோஜாவிடம் அனுப்பிவைத்தார்கள்.

"உங்க படம் பார்த்தேன் சார்," என்றார் வனரோஜா. "ஒரு லாரி வந்துச்சு. அதை ரெண்டு லாரி ஆக்கி அனுப்பிட்டீங்க."

"அப்ப எப்படித்தான் தடுக்கிறது?"

"பத்து வருஷம் முன்னாடி தெரிஞ்சா லேசா ஒரு தட்டு தட்டினா போதும். பாதை மாறிடும்."

"பத்து நாள் முன்னாடி தெரிஞ்சா?"

"கல்லை நகர்த்த முடியாது. ஆளை நகர்த்தலாம்."

அன்றோடு அவருக்குப் படம் எழுதும் ஆசை போய்விட்டது. மலையிலேயே தங்கி அளக்கக் கற்றுக்கொண்டார். வனரோஜாவை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். முதல் இரண்டு மாதம் கிண்டலுக்கு, பிறகு நிஜமாகவே.

அளப்பது பெரிய வித்தை இல்லை. அடுத்தடுத்து எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் அசையாமல் இருக்கும், கல் மட்டும் நகரும். அந்தப் புள்ளியின் நடு எங்கே என்று குறிக்க வேண்டும். ஆனால் அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளப்பார்கள். ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. தாளை மடித்து ஆளுக்கொரு டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். இரண்டு டப்பாவையும் ஒன்றாகத் திறந்து, இரண்டு அளவும் ஒத்துப்போகும் வரை யாரும் எந்த எண்ணையும் வாயால் சொல்வதில்லை.

ஐப்பசியில் ஒரு கல் தென்பட்டது. குறுக்கே அறுபது மீட்டர். விழுந்தால் இரண்டு தாலுகாவில் ஒரு மரம் நிற்காது. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. விடிவதற்கு முன் இருபது நிமிடம் அடிவானத்தில் தெரியும், பிறகு வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

முதல் நாள் கணக்குப்படி அது பூமியில் மோத தொள்ளாயிரத்தில் ஒரு வாய்ப்பு. மறுநாள் நூற்று நாற்பதில் ஒன்று. மூன்றாம் நாள் முப்பதில் ஒன்று. வருவதாக இருந்தால் இன்னும் பதினோரு நாள்.

மோதினால் எங்கே மோதும் என்று கணினி உலகப் படத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டியது. பசிபிக் கடலில் தொடங்கி, வங்கக் கடலைத் தாண்டி, ஆப்பிரிக்கா வரை போயிற்று அந்தக் கோடு. நாகைக் கரையில் அது புன்னைத்துறை என்ற சிற்றூரின் மேல் விழுந்தது. சவரிராயனின் ஒரே மகள் ஜெசிந்தாவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

அளவுகள் பன்னாட்டுக் குழுவுக்குப் போயின. இன்னும் ஒரு விடியற்காலை அளந்து பாருங்கள், அதுவரை ஊர்ப் பெயர் வெளியே போக வேண்டாம் என்று பதில் வந்தது. அன்று மாலையே மலையை மேகம் மூடிக்கொண்டது.

அந்த மலையில் போன் எடுக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியடி. சவரிராயன் அங்கே போய் நின்றார். மகளைக் கூப்பிட்டார்.

"ஜெசி, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு பத்து நாள் இங்க வாயேன்."

"அவனுக்குப் பரீட்சை நடக்குதேப்பா. என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"குரலே சரியில்ல. உடம்புக்கு ஏதாவதா? இல்ல, புயல் கியல் வருதா? சொல்லுங்கப்பா."

அவர் போனை அணைத்துவிட்டார். அணைத்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. நேராக வனரோஜாவைத் தேடிப் போனார்.

கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த வனரோஜா எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை.

"இப்ப என்கிட்ட என்ன கேக்குறீங்க?"

"மகளைக் கிளம்பி வரச் சொல்லட்டுமா டீச்சர்? நம்பர் ஏறிக்கிட்டே போகுது. தொள்ளாயிரம், நூத்தி நாப்பது, முப்பது. அது வருது. எனக்கு நல்லாத் தெரியுது, அது வருது."

வனரோஜா எழுந்து அவருக்கு முதுகு காட்டி நின்று, பத்து டம்ளர்களை மேசையில் கவிழ்த்து, கண்ணை மூடிக் கலைத்து வைத்தார்.

"ஒன்னுக்குக் கீழ புளியங்கொட்டை இருக்கு. எதுன்னு எனக்கே தெரியாது. இந்த ஓரத்து டம்ளர் உங்க மக வீடு. அதுக்குள்ள இருக்க எத்தனை வாய்ப்பு?"

"பத்தில் ஒன்னு."

வனரோஜா வேறொரு டம்ளரை எடுத்தார். கீழே ஒன்றும் இல்லை.

"இப்ப?"

"ஒன்பதில் ஒன்னு."

இன்னொன்றை எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார். எதற்குக் கீழும் ஒன்றும் இல்லை. எட்டு டம்ளர் போய் இரண்டு நின்றன. சவரிராயனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. வெறும் எவர்சில்வர் டம்ளர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வேர்த்தது.

"இப்ப?"

"ரெண்டில் ஒன்னு. ஏறிக்கிட்டே போகுதே."

"கொட்டை நகர்ந்துச்சா சார்?"

"இல்ல."

"பின்ன?"

"பார்க்காத இடம் குறைஞ்சுக்கிட்டே வருது, அதான் நம்பர் ஏறுது," என்றார் சவரிராயன். பிறகு ஓரத்து டம்ளரைக் காட்டி, "திறங்க டீச்சர்," என்றார்.

"மேகம் விலகட்டும்."

அந்த இரண்டு டம்ளரும் அப்படியே கிடந்தன. சமையற்காரர் இரண்டு டம்ளர் குறைகிறது என்று புலம்பினாரே ஒழிய, அவரும் தொடவில்லை.

மறுநாளும் மழை. வானத்தைப் பார்க்கவே முடியவில்லை. தொட்டியடிக்குப் போனபோது மகள் ஆறு தடவை அழைத்திருந்தது தெரிந்தது. சவரிராயன் திரும்பக் கூப்பிடவில்லை. நேற்றிலிருந்து அவர் ஒரு வாய் சோறும் சாப்பிடவில்லை.

"டம்ளர் கதை எனக்குப் புரியுது," என்றார் வனரோஜாவிடம். "ஆனா கொட்டை அந்த ஓரத்து டம்ளர்ல இருந்துட்டா? பேசாம இருந்ததுக்கு நான் எந்த மாதா முன்னாடி போய் மண்டியிடுவேன்?"

வனரோஜா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் கரைக்காரர்தான், புன்னைத்துறைக்கு நாலு ஊர் வடக்கே. அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

"சுனாமி வந்து அஞ்சாம் நாள் சார். எங்க குப்பத்து ஆளுங்களை எல்லாம் பள்ளிக்கூட மாடியில தங்க வெச்சிருந்தாங்க. எனக்குப் பதிமூணு வயசு. கடலைப் பார்த்தேன். வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது. 'தண்ணி வருது'ன்னு கத்தினேன்."

"வந்துச்சா?"

"இல்ல. நுரை. ஆனா முந்நூறு பேரும் ஓடினாங்க. எங்க அத்தை, அலை வந்தப்ப பனைமரத்தைக் கட்டிப்பிடிச்சு உயிர் தப்பினவங்க. மாடிப்படியில விழுந்தாங்க. அவங்க மேலேயே எல்லாரும் ஓடினாங்க."



"அப்ப, கத்தக் கூடாதுங்கிறீங்க."

"அலை வந்த அன்னிக்குக் காலையில நானும் தம்பியும் கரையில நின்னோம். கடல் உள்வாங்கிப் போச்சு. மணல்ல மீன் துள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. தம்பி அள்ளப் போனான். எனக்கு என்னமோ பயமா இருந்துச்சு. ஆனா கத்தல."

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டுல எது பெரிய தப்பு டீச்சர்?"

வனரோஜா ஜன்னலிலிருந்து திரும்பினார். "உங்க மகளுக்கு இப்ப என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்னும் தெரியாது. பயம் மட்டும் இருக்கும்."

"அது நீங்க கொடுத்தது. மீதியையும் கொடுத்துட்டு வாங்க."

சவரிராயன் குடையை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார்.

"ஜெசி, நாங்க ஒரு கல்லை அளந்துக்கிட்டிருக்கோம்மா. பூமியில விழுமான்னு இன்னும் தெரியல. விழாமப் போகத்தான் வாய்ப்பு அதிகம். மழை விட்டாத்தான் தெரியும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."



"நம்ம ஊர்லயாப்பா?"

"கோடு உங்க ஊர் மேலயும் போகுது. ஆயிரம் ஊர் மேல போகுது. நான் உங்க ஊரைத்தான் பார்த்தேன்."

"நீங்க பயப்படுறீங்களா?"

தனக்குப் பயம் என்று அவர் வாழ்க்கையில் மகளிடம் சொன்னதே இல்லை.

"ஆமாம்மா."

"சரிப்பா. நீங்க அளங்க. போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிறேன்."

மழை தொடங்கி மூன்றாம் நாள் விடியற்காலை கிழக்கே மேகம் கிழிந்தது. ஆறு நிமிடம். அதற்குள் ஐந்து படம் எடுத்தார்கள். பிறகு மறுபடியும் மூடிக்கொண்டது.

இருவரும் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். சவரிராயனின் திரையில் அந்தக் கல் ஒரு மங்கலான புள்ளியாக இருந்தது, மண்ணெண்ணெய் விளக்கின் கரி ஒட்டினாற்போல. அவர் கை அதன் மேலேயே நின்றது.

"டீச்சர்."

"ம்."

"அரைப் புள்ளி இடது பக்கம் தள்ளிக் குறிக்கணும்னு கை போகுது. அப்படி வெச்சா கல் விலகிடும்."

"என் கையும்தான் போகுது," என்றார் வனரோஜா, திரும்பிப் பார்க்காமலே.

சவரிராயன் கண்ணை மூடினார். பிறகு திறந்து, புள்ளி எங்கே இருந்ததோ அங்கேயே குறித்தார். தாளை மடித்து டப்பாவில் போட்டு மூடினார். வனரோஜாவும் தன் டப்பாவை மூடினார்.

இரண்டையும் ஒன்றாகத் திறந்தார்கள். அளவுகள் ஒத்துப்போயின. கணினி பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மோத வாய்ப்பு பூஜ்யம். அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

சவரிராயன் மேசையில் தலையை வைத்து அழுதார். பிறகு எழுந்து குடைகூட எடுக்காமல் தொட்டியடிக்கு ஓடினார். மகள் முதல் மணியிலேயே எடுத்தாள். சிரித்தாள், அழுதாள், ஐயோ பால் பொங்கிடுச்சு என்று கத்திவிட்டு ஓடினாள். அவர் மழையில் நின்றபடி அந்தப் பால் அடுப்பில் சீறும் சத்தத்தைக்கூட ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வனரோஜா நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மடியில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டு விரிந்து கிடந்தது. நழுவி விழப்போனதை சவரிராயன் பிடித்தார். பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஆனாலும் பார்த்துவிட்டார்.

கரையோர ஊர்கள் வரிசையாக எழுதியிருந்தன. ஊருக்கு ஊர் தெருக்கள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள், எந்தப் பாலத்தில் ஒரு வண்டிதான் போகும், எந்தப் பஸ் எங்கே நிற்க வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும். தங்கும் இடம் எழுதிய ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே குறிப்பு: 'மாடிப்படி வேண்டாம்.'

மை பல நிறத்தில், பல வருடத்தில் எழுதியது. புன்னைத்துறைப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி புதிது. 'மாதா கோயில் தெரு, ஜெசிந்தா, பையன் ஒன்று, படுத்த படுக்கையாக மாமியார். முதல் பஸ்.'

அவர் மகளின் மாமியாரைப் பற்றி டீச்சரிடம் எப்போதோ ஒருமுறை சொன்னது. அதை அவரே மறந்திருந்தார்.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். மேலே ஒரு தேதி. அது மட்டும் பென்சிலில் இருந்தது. எட்டு நாள் கழித்து, கல் வருவதாக இருந்த தேதி. அந்த இடத்தில் தாள் தேய்ந்து, அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

வனரோஜா கண் விழித்திருந்தார்.

"இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டா டீச்சர் எனக்கு டம்ளர் கவிழ்த்துக் காட்டினீங்க?"

சவரிராயன் நோட்டை உயர்த்திக் காட்டினார்.

"அதான் கல்லு தள்ளிப் போயிடுச்சே. இனி இது எதுக்கு? கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

வனரோஜா மேசை டிராயரைத் திறந்து, பாதி தேய்ந்த ரப்பர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தேதியை மட்டும் அழிங்க சார்."