தாளாளர் கழுத்தில் அரிப்பு

கல்லூரித் தாளாளர் பிறைசூடனுக்குக் கழுத்தில் அரிப்பு எடுத்தது. இன்னும் சிலருக்கும் அப்படியே. ஓர் ஆராய்ச்சியும் இல்லாமல் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார் தாளாளர்.

"எல்லாம் லேடீஸ் ஹாஸ்டல் பொண்ணுங்க கொண்டு வந்த சிரங்கு! எவள்னு ஆண்டு விழா முடியறதுக்குள்ள தெரியணும். இல்லேன்னா ஹாஸ்டலுக்குப் பூட்டு!" என்று மாணவிகளைக் கூட்டிவைத்து முழங்கினார்.

பரீட்சை நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தொற்றுநோய் பரவும் விதத்தை ஆராயும் விடுதி மாணவி செந்தாழை எழுந்தாள். "விழா மேடையிலேயே காட்டிடறேன் சார்."

அந்தக் கல்லூரியில் பொன்னாடை ஒன்றே ஒன்றுதான். எந்த விழா என்றாலும் அதையே ஒருவருக்குப் போர்த்துவார்கள், கைதட்டல் ஓய்ந்ததும் உருவி அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். அதைத் துவைத்ததாக யாருக்கும் நினைவில்லை. விழா வேலைக்குப் போன செந்தாழை, அதன்மேல் கொஞ்சம் ஜிகினாத் தூளைத் தூவி வைத்தாள்.

விழா முடிவில் தாளாளர் மைக்கைப் பிடித்தார். "எங்கேம்மா குற்றவாளி?"

"பொன்னாடைதான் சார். காலையில அதுல ஜிகினா தூவினேன். அது யார் கழுத்துல ஏறிச்சோ, அரிப்பும் அதே வழியிலதான் ஏறியிருக்கும்."

விளக்கொளியில் சிறப்பு விருந்தினர் கழுத்து மின்னியது. ஏற்கெனவே சொறிந்துகொண்டிருந்த கல்லூரி முதல்வர் கழுத்து மின்னியது. தாளாளர் கழுத்தோ கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜொலித்தது.

"அப்போ உங்க ஹாஸ்டல் பொண்ணுங்க?"

"எங்களுக்கு யாரு சார் பொன்னாடை போத்தினது?"

அரங்கமே சிரித்தது. தாளாளரும் சொறிந்துகொண்டே சிரித்தார். விடுதிக்குப் பூட்டு வரவில்லை.

மறுவருட விழாவில் அவரே செந்தாழைக்குப் பொன்னாடை போர்த்த வந்தார். "கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.