நூலான் மறைந்த மண்

மரமும் மண்ணும் மனிதரோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசிய அந்தக் காலத்தில், மண்ணுக்குள் வாழும் நூலான் எல்லோர் கண்ணுக்கும் தெரிவான். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல், அவ்வளவுதான். ஊரார் அவனை அழுக்கு என்பார்கள். காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். மண்ணில் பிறந்தது ஒரு குற்றமா? அப்படி யாரும் கேட்டதில்லை.

சிட்டாயியின் மகள் பூவாளுக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. வேப்பமரம் இலை கொடுத்தது, பட்டையும் கொடுத்தது. காய்ச்சல் இறங்கவில்லை. ஏழாம் நாள் பிள்ளைக்குத் தாயின் முகமே அடையாளம் தெரியவில்லை.

வாசலின் ஈரமண்ணிலிருந்து நூலான் தலைநீட்டினான். "ஆத்தா, நான் ஒரு சொட்டுத் தரட்டுமா?"

"நீயா? உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு பிடி மண்ணுக்குள்ள எத்தனை பேர் சண்டைக்கு நிக்கிறாங்க தெரியுமா? என் இடத்தைப் பறிக்க வர்றவனை விரட்ட நானே ஊறவச்ச நஞ்சு இது. புண்ணுக்குள்ள இருக்கிறவனும் அவனோட பங்காளிதான்."

"நஞ்சையா என் பிள்ளைக்கு?"

"நஞ்சு அவனுக்கு. நம்பிக்கை இல்லேன்னா விட்டுடு. ஆனா பொழுது போகுது, ஆத்தா."

சிட்டாயி அந்தச் சொட்டைப் புண்ணில் விட்டாள். மூன்றாம் நாள் பூவாள் கஞ்சி கேட்டாள்.

நோய் தீர்ந்தால், தீர்த்தவர் பெயரைத் தாய் கூட்டத்தில் மூன்று முறை சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். சிட்டாயி எழுந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நூலான் முதல் முறையாக நிமிர்ந்து நின்றான்.

"அழுக்கை எடுத்துப் புண்ணுல வச்சவள்னு பேர் வாங்கப் போறியா, மதினி?" என்று பின்னாலிருந்து நாத்தனார் கிசுகிசுத்தாள்.

சிட்டாயியின் நாக்குப் புரண்டது. "வேம்பு," என்றாள். "வேம்பு. வேம்பு."

"நான் இல்லையே, தாயி," என்றது வேப்பமரம். என்ன அடக்கம் பாரு என்று ஊரே மெச்சி, அதற்கு மஞ்சள் துணி கட்டியது.

நூலான் கத்தவில்லை. "பார்த்தும் சொல்லாத கண்ணுக்கு நான் எதுக்குத் தெரியணும்?" என்றான். நின்ற இடத்திலேயே பொடிந்து, பொடியினும் பொடியாகி, மண்ணோடு கலந்தான்.

சிட்டாயி ஓடிவந்து இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினாள். "நூலான்! நூலான்! நூலான்!" மூன்று முறை சொல்லத்தான் சொன்னாள், கூட்டம் கலைந்த பிறகு. மழை பிடித்தது. மண்ணிலிருந்து ஒரு மணம் எழுந்தது. வேறு பதில் வரவில்லை.

அவள் தோண்டத் தொடங்கிய அன்றிலிருந்துதான், புது மருந்து தேடுகிறவர்கள் பிடி பிடியாக மண்ணை அள்ளிக்கொண்டு போய், கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மழை பெய்தால் மட்டும் மண் மணக்கிறது, இங்கேதான் இருக்கிறேன் என்று.