வெள்ளைத் துணிக்குப் பின்னால்

அது பஞ்ச காலம். பக்கத்து நாட்டுத் தூதர் வருவதாகச் சேதி வந்ததும், வழியில் இருக்கிற குடிசைகளை வெள்ளைத் துணி கட்டி மறைக்கச் சொன்னார் ராஜா. ஊர் பசித்துக் கிடப்பது அவரை உறுத்தவில்லை. அது வெளியே தெரிவதுதான் உறுத்தியது.

அரண்மனைச் சலவைக்காரி மாடத்தி துணி கட்டி முடித்தாள். ராஜா பார்க்க வந்தார். துணிக்குப் பின்னால் பிள்ளைகள் அழுதார்கள்.

"நாட்டு மானம் என்னாவது? நாளைக்கு ஒரு அழுகைச் சத்தம் தூதர் காதில் விழுந்தாலும் உன் தலை இருக்காது."

"சரி மகாராஜா. களஞ்சியத்து அரிசி வேண்டும்."

"அரிசி எதற்கு?"

"துணி கண்ணைத்தான் மறைக்கும். அழுகையை மறைக்கக் கஞ்சிதான் ஊற்ற வேண்டும்."

மானத்துக்குப் பயந்து ராஜா களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். மறுநாள் தெரு முழுக்கக் கஞ்சி கொதித்தது. தூதர் கடந்துபோனபோது ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நன்றாக மறைத்தாய். இனி துணியை அவிழ்த்துவிடு."

மாடத்தி முடிச்சில் கை வைத்தபடி நின்றாள்.

"இன்றைக்கு மறைக்க எதுவுமே இல்லை மகாராஜா. எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள். நாளைக்கும் கஞ்சி உண்டா? உண்டென்றால் அவிழ்க்கிறேன். இல்லையென்றால் துணி இப்படியே இருக்கட்டும்."