அரியநம்பி சொன்ன பாதிச் சேதி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் புன்னை நாடு என்று ஒரு சீமை இருந்தது. அதை ஆண்டவன் வச்சிரபாகு. சித்திரையில் சொந்த அண்ணனையே மலைக்கோட்டையில் அடைத்துவிட்டுச் சிம்மாசனம் ஏறியவன். ஆடியில் ஆற்றங்கரை உடைந்தது. ஐப்பசியில் எல்லைச் சண்டை. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது.

பங்குனி கடைசி நாளில், அந்த வருஷத்துப் பெரிய சேதியை மந்திரி ராஜசபையில் எழுந்து சொல்வது அங்கே வழக்கம். மந்திரி அரியநம்பியின் பதவி மேல் கண் வைத்திருந்த தளவாய் வீரகேது, ராஜா காதில் ஏதோ ஓதினான்.

ராஜா சொன்னான்: "அரியநம்பி, சேதியைச் சொல்லும். பொய் சொன்னாலும் கழு, என்னைப் பழித்தாலும் கழு."

வாசலில் கழுமரம் நட்டிருந்தது. வரும்போதே மந்திரி அதைப் பார்த்திருந்தார். அண்ணன் பேரை எடுத்தால் பழி, விட்டால் பொய்.

"பிரபு, பெரிய சேதி இன்னும் முடியவில்லை. சித்திரையில் தங்கள் அண்ணன் கோட்டைக்குள் போனார். உயிரோடு வெளியே வருவாரா, மாட்டாரா என்பதில்தான் இந்த வருஷத்துக்கு நல்ல பேரா கெட்ட பேரா என்பது இருக்கிறது. பாதிச் சேதியை எப்படி மெய்யென்று சொல்வேன்?"

"இது ராஜதுரோகம்," என்றான் வீரகேது.

"கோட்டைக் காவல் தளவாயுடையது. தங்கள் அண்ணன் நலமா என்று இவரே சொல்லட்டும். மீதியை நான் சொல்கிறேன்."

ராஜா வீரகேது பக்கம் திரும்பினான். "என் அண்ணன் எப்படி இருக்கிறான்?"

வீரகேது தலையைக் குனிந்துகொண்டான். "இருக்கிறார் பிரபு. சோறு தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன். தானாகவே போய்விட்டால் தங்கள் மேல் பழி வராதே என்று..."

"நான் சொன்னேனா?" ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தான்.

மலைக்கோட்டைக்குப் பல்லக்கு ஓடியது. அது திரும்பும்வரை யாரும் உட்காரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் எலும்பும் தோலுமாய் அண்ணனை இறக்கினார்கள். கண் திறந்து தம்பியைப் பார்த்தான். ராஜா அவன் தலையை மடியில் தாங்கி, தன் கையால் கஞ்சி புகட்டினான்.

அப்புறம் தளவாயின் வாளையும் தலைப்பாகையையும் சபை நடுவே கழற்றச் சொல்லி, அதே கோட்டைக்கு அனுப்பினான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்டான்.

"இப்போது சொல்லும்."

அரியநம்பி கைகூப்பினார். "அண்ணனும் தம்பியும் உயிரோடு இருக்கும்போதே, பிரபு, இந்த வருஷம் முடிந்தது."